அரைப்புள்ளி

கண்ணாடிக் கூடத்தின் குழாய் ஒழுகுகிறது.
வாளியைக் காலால் நகர்த்திவிட்டு
லெலிசே தட்டுகளை வெளிச்சத்துக்கு இழுக்கிறாள்.
அம்போவில் காலை பத்து மணி.
கோதுமை நாற்றுகள், இரண்டு இலை வயது,
கதிர் என்றால் என்னவென்று தெரியாதவை.

பதினான்கு நாள் முன்பு இவள்தான்
எண்ணெயில் கலந்த செம்பொடியை இவற்றின்மேல் தூவினாள்.
இரவெல்லாம் இருட்டில் பனிமூட்டம் போட்டு
விடிந்ததும் விளக்கேற்றி, சூடு பார்த்து
புது மாப்பிள்ளையை உபசரிப்பதுபோல்
துருநோயை உபசரித்தாள்.

இப்போது கணக்கு.
கொப்புளம் வெடித்துப் பொடி கொட்டினால் நான்கு.
வெளிறிய வளையத்துக்குள் சிறுத்துக் கிடந்தால் இரண்டு.
துப்புரவாக இருந்தால் சுழியம்.
சுழியத்தை மட்டும் இவள் நம்புவதில்லை,
பொடி படாமலே தப்பியிருக்கலாம்.

பிறகு,
ஊசி முனையால் தொட்டதுபோல் ஒரு வெளுப்பு.
லென்ஸ் இல்லாமல் தெரியாது.
அதற்கு எண் கிடையாது,
அரைப்புள்ளி போடுவார்கள்.
எவர் எப்போது தொடங்கிய வழக்கமோ.

அந்த வெளுப்புக்குள் நடந்தது இவ்வளவுதான்:
வித்து முளைத்தது, இலைத்துளையைத் தடவிக் கண்டுபிடித்தது,
உள்ளே போய் ஒரு செல்லின் சுவரைக் குடைந்தது,
சவ்வைக் கிழிக்காமல் அமுக்கி
குழிந்த இடத்தில் வாயைப் பதித்தது.
உறிஞ்சத் தொடங்குமுன்
'ஒன்றுமில்லை, தூங்கு' என்று சொல்ல
சில புரதங்களை முன்னே அனுப்பியது.

உள்ளே ஒரு மரபணு தூங்கவில்லை.
அது கோதுமையின் சொந்தச் சொத்துகூட இல்லை,
பக்கத்து இனப் புல் ஒன்றிலிருந்து
யாரோ மெனக்கெட்டு ஒட்டிவைத்த துண்டு.
அதற்கு அடையாளம் தெரிந்தது ஒரே ஒரு முகம்.
அந்த முகம் வந்தது.
செய்யத் தெரிந்ததும் ஒரே வேலை.
தான் இருந்த வீட்டுக்கே தீ வைத்தது.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவனுக்கும்
வீடு வேண்டும், அடுப்பில் உலை கொதிக்க வேண்டும்.
செத்த செல்லில் இந்தப் பூஞ்சைக்கு
ஒரு கவளம் கிடையாது.
அடுத்த செல்கள் பச்சையாகவே நின்றன.

"இருநூற்றுப் பன்னிரண்டு," என்கிறான் வாக்கரி,
எழுதுகோலைக் காதிலிருந்து எடுத்து.
லெலிசே குனிகிறாள்.
குனிந்தபடியே இருக்கிறாள்.

ஆறு வருடம் முன்பு இதே ரகத்துக்கு
இதே மேசையில் அரைப்புள்ளி போட்டவள் இவள்.
அதை நம்பித்தான் விதை ஊருக்குப் போனது.
கொழுந்தன் ஹுண்டே ஆர்சியில்
எருது விற்று அதை வாங்கி விதைத்தான்.
போன அக்டோபரில் அவன் வயலில் நடந்தபோது
கால்சட்டை முழங்கால்வரை சிவந்துவிட்டது.
இங்கே தூவிய பொடி
அந்தத் தாள்களிலிருந்து இவளே சுரண்டி எடுத்தது.

"நான்கு."
"நான்கா?"
"நான்குதான், எழுது."

காவல்காரன் ஓடிப்போகவில்லை.
விழித்துக்கொண்டு அங்கேயேதான் நிற்கிறான்.
வந்தவன் மீசையை மழித்துவிட்டான்,
அவ்வளவுதான்.
பூஞ்சையின் மரபில் ஓர் எழுத்து விழுந்திருக்கும்.
அந்த ஓர் எழுத்தால்
ஆர்சியில் எத்தனை களம் வெறும் உமி.

முந்நூற்று நாற்பதில், பெயர் வைக்காத ஒரு வரிசையில்,
ஐந்து நாற்றிலும் மங்கலாக அந்த வெளுப்பு.
லென்ஸை வாக்கரியிடம் கொடுக்கிறாள்,
தன் விடையைச் சொல்லாமல்.
அவன் நெடுநேரம் பார்க்கிறான்.
"அரைப்புள்ளி," என்கிறான்.
இருவரும் சிரிக்கவில்லை.
முற்றுப்புள்ளிக்கு அந்த அளவுகோலில் இடமில்லை.
அரைப்புள்ளிக்குப் பின்னால் வாக்கியம் தொடரும்,
மீதியைப் பூஞ்சை எழுதும்.

மேலங்கியைக் கழற்றி, கூந்தலை உதறி,
கைகளை இரண்டு முறை கழுவி வெளியே வந்தால்
தொலைபேசி.
ஹுண்டே. ஜூனில் என்ன விதைக்கட்டும் அண்ணி?
புதிதாக ஏதோ வருகிறதாமே?

முந்நூற்று நாற்பது வயலுக்கு வர
ஏழோ எட்டோ வருடம்.
அதற்குள் அந்த மீசை என்னவாகுமோ.

"ஆளி போடு," என்கிறாள்.
"இந்த வருடம் ஆளி."